முன் காம்பரா

உள்ளே அடுப்படியில் உஸ்ஸென்று பால் பொங்கி வழியும் சத்தம். கூடவே ஒரு பெண்குரல்: "பொங்கிருச்சுங்க! கெழக்க பாத்துத்தான் பொங்குச்சு!"

வாசற்படியில் ஒரு காலை வைத்த கலாராணி அப்படியே நின்றுவிட்டாள். இடுப்பில் புதுப் பானை, கையில் பால் போத்தல். இது அவள் வீடு. ஐம்பத்திரண்டு வயதில் அவள் பேருக்கு எழுதப்பட்ட முதல் வீடு. இன்றைக்குத்தான் குடிபுகுகிறாள். அவள் இன்னும் உள்ளேயே போகவில்லை. பிறகு அங்கே பால் காய்ச்சுவது யார்?

"வந்துட்டியா? நாலரைக்கு ராகுகாலம் பொறக்குது. நீ எங்க ஊர்வலம் போயிட்டு வர்ற?" என்றபடி முன்னறையிலிருந்து வெளிப்பட்டார் வீரய்யா கங்காணி. இறந்துபோன அவள் புருஷனின் அண்ணன். அடுப்படியில் இருந்தது அவர் மனைவி விஜயலெட்சுமி.

ஊர்வலம்! ஆமாம், ஊர்வலம்தான் வந்தாள்.

பன்னிரண்டு வருஷம் ஜோர்தானில் யார் யாருடைய வீட்டையோ துடைத்தவள் அவள். லீவில் ஊருக்கு வரும்போதெல்லாம் பஸ் இந்தப் பெரகல சந்தியில் தேத்தண்ணிக்கு நிற்கும். கீழே சமவெளி விரிந்து கிடக்கும். இங்கே ஒரு வீடு இருந்தால், என்று நினைத்து முடிப்பதற்குள் கண்டக்டர் கத்துவான், ஓடி ஏறிக்கொள்வாள். எல்லாப் பயணமும் அப்படித்தான். யாரோ ஓட்டுவார்கள், யாரோ நிறுத்துவார்கள், யாரோ அவசரப்படுத்துவார்கள்.

இன்றைக்கு ஓட்டியது அவள். மடுல்சீமையில் எட்டு வருஷமாக ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றி இறக்கிய அதே பழைய ஆட்டோ. காலை ஆறு மணிக்குக் கிளம்பினாள். பின்சீட்டில் துணிமூட்டை, அதன்மேல் விழாமல் கயிறு போட்டுக் கட்டிய புதுப் பானை. மூன்று மணித்தியாலத் தூரத்துக்குப் பத்து மணித்தியாலம் எடுத்துக்கொண்டாள். பசறையில் இரண்டு வடை தின்றாள். இன்னும் ஒன்று தின்னலாமே என்று திரும்பிப் போய்த் தின்றாள். ஹாலிஎலையில் கொய்யாப்பழக்காரியோடு அரை மணி நேரம் கதை. தெமோதரையில் தண்டவாளத்தில் கோச்சி மலையைச் சுற்றிவந்து குகைக்குள் நுழைவதைச் சின்னப் பிள்ளைபோல் நின்று பார்த்தாள். பண்டாரவளையில் கறந்த பால் தேடி வாங்கினாள். அப்புத்தளையில் பனி இறங்கியபோது, நடந்து போகிறவர்கள்கூட முந்திக்கொண்டு போகும் வேகத்தில் ஊர்ந்தாள். கண்ணாடியில் பானையைப் பார்த்து, "பயப்படாத, வந்துட்டோம்" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தப் பானையில் தன் கையால் பால் பொங்கவேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதானே!

"சாவி எப்படி உங்க கைக்கு வந்துச்சு மச்சான்?"

"கடக்கார ஸப்ரான்ட்டதானே குடுத்து வச்சிருந்த? வீட்டு ஆம்பள நான்தான்னு சொன்னேன், குடுத்துட்டான். தாலியறுத்தவ பால் காய்ச்சினா வீடு வெளங்குமா? ஒன் நல்லதுக்குத்தான் அக்காவ அழைச்சிட்டு வந்தேன்."

விஜயலெட்சுமி அடுப்படி வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"அப்பறம், நம்ம மகன் சதீஸ்குமாரு அடுத்த வாரம் வந்துருவான்" என்றார் கங்காணி, அறையைக் கண்ணால் அளந்தபடி. "சந்தியில ஏதாவது வேல பாத்துக்குவான். இந்த முன் காம்பராவ அவனுக்கு ஒழிச்சு வையி."

காம்பரா!

அந்த ஒரு சொல்லில் கலாராணியின் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. புருஷன் சிவஞானம் குளவி கொட்டிச் செத்தபோதும் இதே மனுஷன், இதே சொல். கருமாதி முடிந்த மறுவாரம், "ஆம்பள இல்லாதவளுக்கு எதுக்கு இந்தக் காம்பரா" என்று அவளைத் தேயிலைத் தோட்டத்து லயத்தின், அந்த ஒட்டு வரிசை வீடுகளின், கடைசியில் விறகு அடுக்கும் மூலைக்குத் தள்ளிவிட்டு, அங்கே தன் மகனைக் குடிவைத்தார். பெரட்டுக்கு, வேலை பிரித்துக் கொடுக்கும் காலை வரிசைக்கு, ஆள் கூப்பிட விடியற்காலையில் லயத்துக் கதவுகளைத் தடியால் தட்டிப் பழகிய கை. எந்தக் கதவும் தனக்குத் திறக்கும் என்று நம்பும் கை. அன்றைக்கு அவள் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்குப் பானையையும் பால் போத்தலையும் வாசலில் இறக்கி வைத்தாள்.

"இங்க காம்பரா கெடயாது மச்சான்."

"என்ன?"

"காம்பரா லயத்துல இருக்கு. அது தோட்டத்துது. நீங்க யாரையும் வைக்கலாம், யாரையும் தள்ளலாம். இது வீடு. என் வீடு. சாவியக் குடுங்க."

"பாத்தியாடி, ஆட்டோ ஓட்டினா வர்ற திமிர!"

"ஆமா, திமிருதான். அத வாங்கத்தான் பன்னெண்டு வருஷம் அந்தரத்துல கெடந்தேன். குடுங்க!"

கங்காணி சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டார். அப்போது நடந்ததை அவர் எதிர்பார்த்திருக்கமாட்டார். விஜயலெட்சுமி மெல்ல வந்தாள். புருஷனின் கையை விலக்கி, பையிலிருந்து சாவியை எடுத்துக் கலாராணியின் உள்ளங்கையில் வைத்தாள்.

"மன்னிச்சுக்க புள்ள. நான் வரமாட்டேன்னுதான் சொன்னேன்" என்றாள். முப்பது வருஷத்தில் கங்காணியை எதிர்த்து அவள் பேசிய முதல் பேச்சு அதுவாகத்தான் இருக்கவேண்டும்.

கலாராணி அடுப்படிக்குப் போனாள். பொங்கிய பாலை இரண்டு கிளாஸில் ஊற்றிச் சீனி போட்டுக் கொண்டுவந்தாள்.

"என் வீட்டுக்கு வந்த மொத விருந்தாளி நீங்க. வெறும் வாயோட அனுப்பமாட்டேன். குடிச்சிட்டுக் கெளம்புங்க. அஞ்சு மணி பஸ்ஸு இருக்கு."

விஜயலெட்சுமி நின்றபடியே குடித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினாள். கங்காணியின் கிளாஸ் ஆடை கட்டி அப்படியே கிடந்தது. கேற்றடியில் நின்று அவர் கத்தினார்: "ராகுகாலம் பொறந்துருச்சு! இனி அடுப்பப் பத்த வச்சிராத, நாசமாப் போயிருவ!"

கலாராணி வாசலில் வைத்திருந்த புதுப் பானையை எடுத்து மறுபடி இடுப்பில் ஏற்றி, பால் போத்தலையும் கையில் எடுத்துக்கொண்டாள். வலதுகாலை எடுத்து உள்ளே வைத்தாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.