பேட்டரி சைக்கிள் மாமா

அபிராமபுரத்தில் எங்கள் எதிர்வீட்டு மாமாவுக்கு இதயம் பலவீனம். சிரமப்பட்டு மிதிக்கக்கூடாதென்று, மகன் ஜப்பானிலிருந்து பேட்டரி சைக்கிள் கொண்டுவந்து தந்திருந்தான். கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு தினமும் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போவார். திரும்பியதும் வராந்தாவில் சார்ஜர் ஒயரைச் செருகி, விளக்கு எரிகிறதா என்று குனிந்து பார்ப்பார்.

ஒருநாள் அடையாறு பாலத்து ஏற்றத்தில், சட்டை நனைய மிதித்துக்கொண்டிருந்தார். ஸ்கூட்டரை நிறுத்தினேன்.

“மாமா, சார்ஜ் தீர்ந்துபோச்சா?”

“பேட்டரி செத்து மூணு மாசமாச்சு. ஆத்துல மாமிகிட்ட சொல்லிடாதே. சைக்கிளைப் பூட்டி வெச்சுடுவா.”

“தெனமும் சார்ஜ் போடறீங்களே?”

“அவ பார்க்கணுமோல்லியோ.”

மறுநாள் மாமி என்னைக் கேட்டார்: “பேட்டரி நன்னா இழுக்கறதாமே?”

தலையாட்டிவிட்டேன். அதன்பின் ஒருநாளும், மாமாவின் சைக்கிள் திரும்பி வந்து தெருமுனையில் தெரியும்வரை நான் வாசலைவிட்டு நகர்ந்ததில்லை.