கத்திரிக்காயை விட்டேன், கட்டி போகவில்லை

அன்றைக்குச் சிதம்பரத்தில் அந்த ஸ்கேன் சென்டரில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். டோக்கன் கொடுக்கிற பெண். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர், அவருடைய மகன். மாசமாக இருந்த ஒரு பெண், அவள் புருஷன், அவள் அம்மா. காட்டுமன்னார்கோயிலில் இருந்து மாமியாரைக் கூட்டி வந்திருந்த ஒரு மருமகள். அப்புறம் நான். எல்லாருக்கும் பக்கத்தில் ஒரு ஆள் இருந்தது. என் பக்கத்து நாற்காலியில் என் பைதான் இருந்தது.

அன்பிய ஜெபக்குழுச் சகோதரிகளே, ஒன்பதாவதோடு படிப்பை விட்டவள் நான். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதை எழுதக் கூச்சமாகவும் இருக்கிறது. ஆனால் ஆண்டவர் செய்ததை மூடி வைக்கக் கூடாது.

உங்களில் பாதிப் பேருக்கு பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறவள் நான்தான். புது வருஷப் பூசைக்கு எனக்கே ஒன்று தைத்துப் போட்டுப் பார்த்தேன். இடது பக்கம் பிடித்தது. அளவு தப்பிவிட்டது என்று பிரித்துத் தைத்தேன். மறுபடியும் பிடித்தது, வலித்தது. கை வைத்துப் பார்த்தால் கோலிக்குண்டு மாதிரி ஒன்று உருண்டது. மிஷின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குச் சும்மாவே பயம் ஜாஸ்தி. கேஸை அணைத்தேனா என்று பஸ் ஸ்டாண்டில் இருந்து திரும்பி வருகிறவள். வீட்டுக்காரர் இறந்ததில் இருந்து இன்னும் மோசம். மகளுக்குக் கோயம்புத்தூரில் கைக்குழந்தை. போனில் சொன்னால் அழுவாள். புற்றுநோய்தான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

அளவு கொடுக்க வருகிறவர்களிடம், "எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணுக்கு மாருல கட்டியாம்" என்று மெதுவாகக் கேட்பேன். "பிராய்லர் கோழி தின்னா வராம என்ன பண்ணும்?" என்றார் ஒருவர். "கத்திரிக்காய தொடவே கூடாதுன்னு சொல்லு" என்றார் இன்னொருவர். ஒருவர் கருவாடு என்றார், ஒருவர் முட்டை என்றார். பாலில் ஊசி மருந்து கலந்திருக்கிறது என்றும் ஒருவர் சொன்னார். ஆளுக்கொன்று சொன்னீர்கள். நான் எல்லாவற்றையும் விட்டேன். தவக்காலம் வந்ததும் ஒரு வேளைச் சோற்றையும் நேர்ந்து விட்டேன். கடைசியில் மிஞ்சியது பால் இல்லாத டீயும் ரஸ்கும்தான். பிளாஸ்கை மிஷின் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் குடிப்பேன்.

ஜெபமாலை சொல்லி முடித்ததும் தொட்டுப் பார்ப்பேன். சிறுத்த மாதிரி இருந்தால் நன்றி சொல்வேன். மாதவிலக்கு நெருங்கும்போது வீங்கி, கை படவே முடியாது. எதைத் தின்று தொலைத்தேன் என்று யோசிப்பேன். அன்பியக் கூட்டத்துக்கு வருவதை நிறுத்தினேன். சுண்டல் கொடுப்பீர்கள், வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பீர்கள். கோயில் வாசலில் பார்த்தவர்கள், "என்னடி, இந்த வயசுல டயட்டா? யாருக்குக் காட்ட?" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போனால் பேச ஆள் கிடையாது.

ஒரு நாள் தைக்கும்போதே தலை சுற்றி, ஊசி விரலில் இறங்கிவிட்டது. அன்றைக்கு என் ஜெபம் மாறியது. "கரைக்கச் சொல்லி இனிமே கேக்கல ஆண்டவரே. போய்க் காட்டிடறேன். என்னைத் தனியா மட்டும் விட்டுடாதீங்க" என்று அழுதேன். நம்ம கடலூரில் காட்டினால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்றுதான் சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன்.

காட்டுமன்னார்கோயில் மருமகள் பெயர் வளர்மதி. அவளாகவே கேட்டாள்.

"சாப்ட்டியாக்கா?"

"நோன்பு."

"ஸ்கேனுக்கு வந்துட்டு என்ன நோன்பு? எங்க மாமியாரப் பாரு, வந்த ஒடனே ரெண்டு இட்லி உள்ள போயிடுச்சு."

"நீ கட்டியாந்ததே ரெண்டுதானே" என்றார் மாமியார்.

அந்த நேரத்தில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். "கூட யாரு வந்திருக்கீங்க?" என்று கேட்டாள் டோக்கன் பெண். பக்கத்து நாற்காலியில் இருந்த என் பையைப் பார்த்தேன். வளர்மதி என் பையை எடுத்துக்கொண்டு எழுந்து, "நான்தான்" என்றாள்.

சகோதரிகளே, என் ஜெபத்துக்குப் பதில் அந்த ஒரு வார்த்தைதான்.

உள்ளே டாக்டரம்மா ஸ்கேன் பார்த்தார். ஊசி குத்தித் தண்ணீர் மாதிரி எடுத்தார். நான் வளர்மதியின் கையை விடவே இல்லை. "என்னம்மா சாப்பிடறீங்க?" என்று கேட்டார். கோழி இல்லை, கத்திரிக்காய் இல்லை, முட்டை இல்லை என்று சொல்லிக்கொண்டே போனேன்.

"சாப்பிடாததக் கேக்கல. சாப்பிடறதச் சொல்லுங்க."

"டீ" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "இது நீர்க்கட்டி. பாத்தா பயப்படற மாதிரி இல்ல, இருந்தாலும் டெஸ்டுக்கு அனுப்பறேன். கத்திரிக்காயால வந்ததும் இல்ல, பட்டினி கெடந்தா போறதும் இல்ல. டீயையும் உப்பையும் கொறச்சா சில பேருக்கு வலி கொறையும், சில பேருக்கு ஒண்ணும் மாறாது. கொறச்சுப் பாருங்க. ஒடம்புல ரத்தமே இல்ல, மொதல்ல சாப்பிடுங்க" என்றார்.

டெஸ்டுக்குக் கட்டப் பணம் போதவில்லை. வளர்மதி மிச்சத்தைக் கட்டிவிட்டாள். வெளியே வந்து, மத்தியானத்துக்கு வைத்திருந்த டப்பாவைத் திறந்தாள். எலுமிச்சை சாதம், கத்திரிக்காய் வறுவல். பார்த்துக்கொண்டே இருந்தேன். "தின்னுக்கா, அது உன்ன ஒண்ணும் பண்ணாது" என்றாள். தின்றேன். அழுகையும் சோறும் ஒன்றாக இறங்கின.

ரிசல்ட் வந்தது. புற்றுநோய் இல்லை. இப்போது மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். டீ காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. ஊறுகாயைக் குறைத்தேன். மாதாமாதம் வருகிற வலி எனக்குக் குறைந்திருக்கிறது. மறுபடியும் ஒரு தடவை வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள், போவேன். மகளிடமும் சொல்லிவிட்டேன். எதிர்பார்த்த மாதிரியே அழுதாள். இப்போது தினமும் கூப்பிட்டு, "என்னம்மா கொழம்பு?" என்று கேட்கிறாள்.

உங்களில் யாருக்காவது கட்டி, வலி என்று இருந்தால் ஆண்டவரை நம்பி டாக்டரிடம் போங்கள். சோற்றை விடாதீர்கள். என்னிடம் வந்து "தெரிஞ்ச ஒரு பொண்ணுக்கு" என்று சொன்னாலே போதும், புரிந்துகொள்வேன். கூட யார் என்று கேட்டால் நான்தான் என்று சொல்ல வருகிறேன்.

வளர்மதியிடம் போன் நம்பர் வாங்க மறந்துவிட்டேன். காட்டுமன்னார்கோயில் பக்கம் யாருக்காவது அவளைத் தெரிந்தால் சொல்லுங்கள். நான் அவளுக்கு இன்னும் அறுநூறு ரூபாய் தர வேண்டும்.