இலக்கக் குழியிலிருந்து பிள்ளையை மீட்டவர்

பெரியக்கா இறந்த செய்தி வந்தபோது நான் கேகாலையில், பாடசாலை ஆசிரியர் அறையில் இருந்தேன். தொலைபேசியில் சின்னக்கா. "தம்பி, அக்கா போயிட்டாங்கடா. தேத்தண்ணி குடுக்க எழுப்புனேன், எழும்பல்ல" என்றார்.

விடுமுறை கேட்கப் போனேன். அதிபர் சுற்றறிக்கையைப் புரட்டினார். "தாய், தகப்பன், மனைவி, பிள்ளை இருக்கு. அக்காவைக் காணோமே" என்றார். எனக்கு வந்திருக்க வேண்டிய கதிரையில் உட்கார்ந்திருக்கும் மனிதர். அவர் தேடி முடிக்கும்வரை நான் நிற்கவில்லை. எந்த உறவு கணக்கில் வரும், எது வராது என்று கடதாசியைப் பார்த்துச் சொல்பவர்களோடு என் அக்கா கடைசிக் காலத்தில் பட்ட பாடு எனக்குத் தெரியும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெரியக்கா பார்வதி ருவான்வெல்லைக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தார், அங்கேயே பால் வெட்டினார். அம்மா இறந்தபின் என்னைப் படிக்க வைத்தவர் அவர்தான். நான் கத்தியை எடுத்தால் பிடுங்கிவிடுவார். "மரத்த நான் பார்த்துக்கிறேன், நீ பொஸ்தகத்தப் பாரு" என்பார். யாருக்கும் பயந்தவரல்லர். ஒருமுறை பால் நிறுத்தபோது எடை குறைவாகச் சொன்ன கணக்கப்பிள்ளையிடம், "ஐயா, தராசு சாஞ்சிருக்கா, இல்ல நீங்க சாஞ்சிருக்கீங்களா?" என்று வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரிக்கக் கேட்டார். அந்த ஆள் அன்றைக்கு மறுபடி நிறுத்தார்.

அக்காவுக்குப் பிள்ளை இல்லை. சின்னக்கா லெட்சுமிக்கு மூன்று பிள்ளைகள். நான்காவது வயிற்றில் இருந்தபோது சின்னக்காவே வந்து, "இது ஒங்களுக்கு அக்கா" என்றார். பிறந்த அன்றே பிள்ளை கை மாறியது. தோட்டத்து டிஸ்பென்சரியில் தாயின் பெயராக அக்காவின் பெயரே பதிவாயிற்று. தோட்டங்களில் இது புதிதல்ல. பிள்ளை இல்லாத கூடப்பிறப்புக்குப் பிள்ளை கொடுப்பார்கள். பத்திரம் எழுத மாட்டார்கள், பிறகு அதைப் பற்றிப் பேசவும் மாட்டார்கள். கொஞ்ச நாளில் சின்னக்கா குடும்பம் எஹலியகொடைப் பக்கம் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டது. அந்தப் பிள்ளைதான் தினேஷ். அவனுக்குக் கடைசிவரை இது தெரியாது.

தினேஷ் பாடசாலை போகத் தொடங்கிய வருடம் சின்னக்கா தீபாவளிக்கு வந்தார். புதுச் சட்டையைப் போட்டுவிட்டு, பிள்ளையைக் கட்டிப்பிடித்து விடாமல் அழுதார். அக்கா அவர் கையைப் பிரித்துவிட்டார். "கொடுத்தத திருப்பிக் கேக்க வந்தியா? இனி இந்த வாசப்படிய மிதிக்காத" என்றார். அதன்பின் இருவரும் பேசியதில்லை. மச்சான், அதாவது அக்காவின் கணவர், இறந்தபோதுகூடச் சின்னக்கா தூரத்தில் நின்றுவிட்டுப் போனார். இருவருக்கும் நடுவே நல்லது கெட்டதுகளைச் சுமந்து திரிந்தவன் நான்.

மண்சரிவு வந்த மழைக்காலத்தில் தினேஷ் ருவான்வெல்லையில் ஒரு கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். லயத்து வீடுகளுக்குப் பின்னால் மேட்டில் வெடிப்பு விழுந்திருப்பதை மக்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். வந்து பார்த்தவர்கள் மஞ்சள் நாடாவைக் கட்டிவிட்டுப் போனார்கள். மழை கூடிய அன்று தினேஷும் வீட்டில் இருந்தான்; எல்லோரும் பாடசாலைக்கு ஓடினார்கள். நடக்க முடியாத ஒரு கிழவரைத் தூக்கிவரத் தினேஷ் திரும்பிப் போனான். இருவர் மேலும் மலை இறங்கியது. அந்த நாடாவைக் கட்டியவர்களையோ, பிறகு பொன்னாடையோடு படம் பிடிக்க வந்த தலைவர்களையோ மன்னித்துவிட்டு நான் இதை எழுதவில்லை.

கிழவரைத் தோண்டி எடுத்தார்கள். தினேஷ் கிடைக்கவில்லை. நாட்கள் கழித்துக் கீழே ஆற்றோரத்தில் உருத்தெரியாத ஆண் உடல் ஒன்று ஒதுங்கியது. வேறு ஊர்களிலிருந்தும் பலர் ஆற்றோடு போயிருந்ததால் யாரென்று சொல்ல முடியவில்லை. மாதிரி எடுத்துக்கொண்டு, நீதவான் கட்டளைப்படி பொது மயானத்தில் இலக்கமிட்ட குழியொன்றில் அடக்கினார்கள்.

அக்காவை ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். இளம் வைத்தியர், நல்ல பிள்ளை, சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். காணாமற்போனவர்களின் உறவினர் தரும் டி.என்.ஏ. மாதிரிகளும் அடையாளம் தெரியாத உடல்களின் மாதிரிகளும் ஒரே தரவுத்தளத்தில் இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டு யார் யாருடைய பிள்ளை என்று சொல்லிவிடலாம். நான் மொழிபெயர்க்கத் தொடங்கினேன். "எனக்கு வெளங்குது. நீ சும்மா இரு" என்றார் அக்கா.

"அம்மாத?" என்று வைத்தியர் கேட்டார்.

"அம்மா தமய்", அம்மாதான் என்று அக்கா அதே சிங்களத்தில் உறுதியாகச் சொல்லிவிட்டு வாயைத் திறந்தார். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்தார்கள்.

பஸ்ஸில் வரும்போது, "அக்கா, அது பொருந்தாதே" என்றேன்.

"ஏன் பொருந்தாது? பொறந்தப்ப ரெண்டு கையில அடங்குனான். மிச்ச ஒடம்பு முழுக்க நான் போட்ட சோறு. அதுல வேற யாரு இருக்கா?" கொஞ்ச நேரம் கழித்து, "நீ எங்கயாச்சும் வாயத் தொறந்தா, எனக்குத் தம்பியே இல்லன்னு நெனச்சுக்குவேன்" என்றார்.

அது அவர் சொல்ல வேண்டிய உண்மை, நான் சொல்லக்கூடியதல்ல. ஆனால் பெற்றவரா, வளர்த்தவரா என்று ஒரு கேள்வி அந்த ஆஸ்பத்திரியில் யாருக்கும் தோன்றவில்லை. தோட்டத்து மக்களிடம் மாதிரி எடுக்க வருபவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது. அக்காவைத் தனியே உட்காரவைத்து அன்பாகக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார் என்றே இன்றும் நம்புகிறேன்.

முடிவு வந்தது. தாய்க்கும் பிள்ளைக்கும் இருக்க வேண்டிய பொருத்தம் இல்லை. அந்த உடல் உங்கள் மகன் அல்ல. "சந்தோஷப்படுங்கள், உயிரோடு இருக்கலாம்" என்று வைத்தியர் ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதல்தான் விஷமாயிற்று. தினேஷ் சாகவில்லை, ஓடிவிட்டான் என்று தோட்டம் முழுக்கக் கதை பரவியது. தண்ணீர்ப் பீலியடியில் ஒருத்தி, "ஒங்க மகன் டுபாய்ல சோக்கா இருப்பான், நீங்க இங்க அழுதுகிட்டுக் கெடங்க" என்றாளாம். கருமாதி செய்யவும் வழியில்லை. இருப்பவனுக்கு எப்படிச் செய்வது? பொருந்தாததன் காரணத்தைச் சொல்லக்கூடியவர்கள் அக்காவும் சின்னக்காவும் நானும்தான். பிள்ளை அங்கே இலக்கத்தோடு கிடக்கிறான் என்பதை அக்கா மட்டும் ஒரு கணமும் சந்தேகிக்கவில்லை.

ஒரு காலையில் என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. "கெளம்பு. எஹலியகொடைக்குப் போறோம்."

நாங்கள் போனபோது சின்னக்கா மலையிலிருந்து வாளியோடு இறங்கி வந்துகொண்டிருந்தார். அக்காவைக் கண்டு நின்றார்.

"யாரு இது? வழி தவறி வந்துட்டீங்களாக்கும்."

"லெட்சுமி, ஒன் புள்ளய எடுத்துக் குடு" என்றார் அக்கா.

"யாரு புள்ள?"

"ஒன் புள்ளதான். நான் போய் அம்மான்னு சொன்னேன். மிசினு இல்லன்னுருச்சு. நீ வந்து சொன்னாத்தான் விடுவாங்க."

"செத்த சேதிகூட நீங்க சொல்லியனுப்பல்ல, தம்பி சொல்லித்தானே தெரியும். என் வயித்துல பொறந்தவன்னு ஒரு ஆள்கிட்ட சொல்லி அழ முடிஞ்சிச்சா எனக்கு?" சின்னக்காவின் குரல் உயர்ந்தது. பக்கத்து வாசல்களில் தலைகள் தெரிந்தன. "அன்னிக்கு ஒரு சட்ட போட்டுப் பார்த்ததுக்குத் தொரத்துனீங்க."

"தொரத்துனேன். இப்ப எல்லாரும் கேக்கத்தான் சொல்றேன். நீதான் பெத்த. வா."

சின்னக்கா வாளியைக் கீழே வைத்தார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "இருங்க. கை கழுவிட்டு வாறேன்" என்றார்.

சின்னக்காவின் மாதிரி பொருந்தியது. அதன்பிறகும் எளிதாக விடவில்லை. பிறப்புச் சான்றிதழில் ஒரு தாய், பரிசோதனையில் இன்னொரு தாய். பொலிஸில் ஒருவர், பொய்ப் பதிவுக்கு வழக்கு வைக்கலாம் என்று மேசையைத் தட்டினார். "வைங்க மாத்தயா. புள்ளய குடுத்துட்டு வைங்க" என்றார் அக்கா. வழக்கு எதுவும் வரவில்லை. மிரட்டுவதில் அவருக்கு ஒரு சுகம், அவ்வளவுதான்.

கோட்டில் இருவரும் உண்மையைச் சொன்னபின் நீதவான் குழியைத் தோண்டக் கட்டளையிட்டார்; மூடிய பெட்டியில் தினேஷ் தோட்டத்துக்கு வந்தான். உடலை ஒப்படைத்த கடதாசியில் தாய் என்ற இடத்தில் சின்னக்காவின் பெயர் இருந்தது. குழியடியில் சனம் தானாகவே சின்னக்காவை முன்னே விட்டது. அக்கா பெண்களுக்குப் பின்னால் நின்றார். நான் கையைப் பிடித்து முன்னால் அழைத்தேன். "வேணாம் தம்பி. பேரு அவளோடதா இருக்கட்டும். ஆளு வந்துட்டான்ல" என்றார். பிறகு ஊர் வாய் சும்மா இருக்கவில்லை. மலடி என்ற பழைய சொல்லைத் தோண்டி எடுத்தார்கள். கணக்கப்பிள்ளையை மடக்கிய வாய் அதற்கு ஒன்றும் பேசவில்லை. சாப்பாடு குறைந்தது. சின்னக்கா வந்து கூடவே தங்கினார். இருவரும் தினேஷைப் பற்றிப் பேசிக்கொண்டார்களா என்று எனக்குத் தெரியாது. நான் போகும்போதெல்லாம் ஒருவர் அரிசி புடைத்துக்கொண்டும் மற்றவர் சுவரில் சாய்ந்துகொண்டும் இருப்பார்கள்.

இழவு வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது, ஒலிபெருக்கி கட்டிய முச்சக்கரவண்டி வாசலில் நின்றது. மரண அறிவித்தல் சொல்பவர் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னாரோட மனைவின்னு சொல்லியாச்சு. யாரோட அம்மான்னு சொல்றது?" என்று கேட்டார். மச்சானின் உறவுக்காரர் ஒருவர், "புள்ள இல்லாதவங்கதானே. அதான் கோட்டுலயே தெரிஞ்சு போச்சே. அத விட்டுட்டுச் சொல்லு" என்றார். என் வாயில் வந்த சொல்லை நான் இங்கே எழுத முடியாது.

அதற்குள் சின்னக்கா உள்ளேயிருந்து எழுந்து வந்தார். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது.

"தினேஷோட அம்மான்னு சொல்லு" என்றார். "என்னைய சித்தின்னு சொல்லு. நல்லா சத்தமா சொல்லு, கீழ் டிவிசன் வரைக்கும் கேக்கணும்."

வண்டி இறங்கிப் போயிற்று. ரப்பர் மரங்களுக்குள் வளைவுக்கு வளைவு அந்தக் குரல் மறைந்து மறைந்து கேட்டது: "காலஞ்சென்ற தினேஷின் அன்புத் தாயார்…" அது கேட்காமல் போகும்வரை சின்னக்கா வாசலிலேயே நின்றார். நானும் நின்றேன்.

அக்கா, உங்கள் பெயரை உங்களிடமே கொடுத்துவிட்டோம். மகனுக்குப் பக்கத்தில் உறங்குங்கள்.