மூன்றாம் எண் மோட்டார்

மழைநீர் இறைக்கும் நிலையம் பற்றிச் சட்டமன்றத்துக்குப் போன அந்தக் கேள்வியில் நானாகச் சேர்த்தது ஒரே ஒரு வரி. அதைத் தட்டச்சு செய்த காலை நேரம் இன்றும் அப்படியே நினைவிருக்கிறது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டி, இரும்புக்கடை ஒன்றின் மாடியில் எங்கள் சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகம் இருந்தது. கீழே கண்டெய்னர் லாரிகள் போகும்போதெல்லாம் மேசை அதிரும், தண்ணீர்க் குவளையில் வட்டம் வட்டமாக அலை எழும். அந்த அதிர்வுக்கு நடுவேதான் அடித்தேன்: "மேற்படி நிலையத்தின் மூன்றாம் எண் மோட்டாரின் உட்சுற்றுக் கம்பி கழற்றப்பட்டு இரண்டாண்டுகளாகியும் திரும்பப் பொருத்தப்படவில்லை என்பதை அரசு அறியுமா?" அடித்து முடித்துப் படித்துப் பார்த்தபோது பெருமையாக இருந்தது. அந்த வரிக்குள் என் அக்கா வீட்டுக்காரரின் முகம் தெரிகிறது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

உறுப்பினரை எங்கள் பகுதியில் எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருபது வருடம் லேத் ஓட்டியவர். சட்டமன்றத்தில் எழுந்து நின்று முழங்குவது அவருக்கு வராது. மைக் முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுத்தில் கேட்பார். எந்தக் கூட்டத்தொடரிலும் எங்கள் அலுவலகத்திலிருந்து போகும் கேள்விக் கட்டு தடிமனாகத்தான் இருக்கும். குடிநீர், ரேஷன் கடை, லாரி நிறுத்தம், காற்றில் வரும் நெடி, எதையும் விடமாட்டார். சந்தேகம் அவருடையது, வாக்கியம் என்னுடையது. நான் அதற்கு முன் ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் பன்னிரண்டு வருடம் கடிதம் அடித்தவள். அதை மூடிவிட்டார்கள் என்பதால் இங்கே வந்து சேர்ந்தேன். அடித்த கேள்வியை அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தாளைக் கண்ணுக்கு வெகு அருகில் வைத்துப் படிப்பார். "இதுல கொஞ்சம் லூஸு கீதுமா. இந்த எடத்துல 'ஆம்'னு ஒரு வார்த்தை எழுதிட்டுப் பூடுவாங்க, இன்னும் டைட் பண்ணு" என்பார்.

கேள்வி போகும் பாதை விசித்திரமானது. பேரவைச் செயலகத்துக்குப் போகும், அங்கிருந்து துறைக்கு, துறையிலிருந்து மண்டலத்துக்கு, மண்டலத்திலிருந்து கோட்டத்துக்கு. இப்படிப் படிப்படியாக இறங்கி, யாரைப் பற்றிக் கேட்டோமோ அவருடைய மேசைக்கே வந்து நிற்கும். பதிலின் முதல் வரைவை எழுதுகிறவரும் அவர்தான். அந்த வரைவு மறுபடி படியேறி, அமைச்சரின் பெயரோடு எங்களிடம் வரும். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும் அந்த வரியை எழுதினேன்.

காரணம் இருந்தது. முந்தைய வருட மழையில், அக்கா குடும்பத்தோடு நான் இருந்த எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. தண்ணீர் என்று சொல்வது மரியாதைக்காக. மேலே கறுப்பாக எண்ணெய் மிதந்தது. ஐந்து நாள் வடியவில்லை. நிறைமாதமாக இருந்த எதிர்வீட்டுப் பெண்ணை மீன் பெட்டிகளைக் கட்டி, அதன் மேல் பலகை போட்டு உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனோம். வண்ணாரப்பேட்டை மொத்தக் கடைக்கு நைட்டி தைத்துக் கொடுக்கும் அக்காவின் இரண்டு தையல் மெஷின்களும் மூழ்கிப்போயின. மழைநீரை இறைத்துக் கால்வாயில் விடும் நிலையம் எங்கள் தெருமுனையிலேயே இருக்கிறது. அதில் மோட்டார் ஓட்டும் ஒப்பந்த ஊழியர் எங்கள் மாமா, அக்காவின் கணவர். அந்த ஐந்து நாளும் அவர் அங்கேயே கிடந்தார். தெருக்காரர்கள் அவரைத்தான் திட்டினார்கள்.

ஒருநாள் சாப்பிடும்போது, யாரிடமும் சொல்வது போல இல்லாமல், தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "மூணாவது மோட்டாரு வெறும் கூடு. காயில் கட்றேன்னு உள்ள இருந்தத எடுத்துகினு போனானுங்க, திரும்பி வரவேல்ல. மாசாமாசம் ரிஜிஸ்டர்ல மட்டும் ஓடினு கீது." அக்கா அவரை முறைத்தாள். "வெளிய வாயத் தொறந்துடாதய்யா" என்றாள். வெளியே என்று அவள் சொன்னதில் நானும் அடக்கம் என்று நான் நினைக்கவில்லை.

கேள்வியைப் படித்த அண்ணன் அந்த வரியில் நின்றார். "இது உறுதியா தெரியுமாமா?" என்றார். "தெரியும்ணா" என்றேன். யார் சொன்னது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டார்.

இரண்டு வாரம் கழித்து அலுவலகத் தொலைபேசியில் ஒரு பொறியாளர் பேசினார். குரலில் அத்தனை பணிவு. "மேடம், பதில் தயார் பண்றோம். ஒரு சின்ன விவரம். அந்த மூணாம் நம்பர் விஷயம் சாருக்கு எப்படித் தெரிய வந்துச்சு?" தெரியாது என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த மோட்டாரின் மூடியைத் திறந்து பார்க்கக்கூடியவர்கள் இரண்டே பேர். ஒருவர் மாமா. மற்ற ஷிப்டில் இருப்பவர் அதே பொறியாளரின் உறவுக்காரர்.

அடுத்த மூன்று நாள்களை எப்படிக் கழித்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. காலையில் மாமா டிபன் கேரியரை வண்டியில் மாட்டும்போது, இன்றைக்குத்தான் கூப்பிடுவார்களோ என்று தோன்றும். சாயங்காலம் அவர் வண்டிச் சத்தம் கேட்டால் மூச்சு வரும். அவர் செருப்பைக் கழற்றும் விதத்தை வைத்து அன்றைய நாளை ஊகிக்கப் பார்ப்பேன். இரண்டு முறை சொல்லிவிடலாம் என்று வாயெடுத்து, உப்பு வேண்டுமா என்று கேட்டு முடித்தேன். அக்காவுக்குப் பிள்ளைகள் இரண்டு, இரண்டும் படித்துக்கொண்டிருந்தன. மெஷின்களை அப்போதுதான் பழுது பார்த்திருந்தாள். ஒப்பந்த வேலையில் ஆளை நீக்குவதற்குக் காகிதம்கூட வேண்டாம், நாளை முதல் வராதே என்று ஒரு வார்த்தை போதும்.

நான்காம் நாள் மத்தியானம், ஷிப்ட் முடியுமுன்பே மாமா வந்துவிட்டார். அன்று எனக்கு விடுமுறை, வீட்டில் இருந்தேன். வந்தவர் நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தார். "ஆபீஸுக்குக் கூப்ட்டானுங்க. ஒரு கேள்விய படிச்சுக் காட்டி, இது யாரு சொன்னதுன்றான்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. "அத்த எதுக்கும்மா எழுதின?" என்று மட்டும் கேட்டார்.

அக்கா மெஷினிலிருந்து எழுந்து வந்தாள். "இன்னாடி பண்ணி வச்சிருக்க? சோறு போடுற கைய காட்டிக் குடுத்துட்டு வந்து, என் கையால சோறு வாங்கித் துன்னுகினு இருந்தியா மூணு நாளா?" அன்று முதல் அவள் என்னோடு பேசுவதை நிறுத்தினாள்.

மறுநாள் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "யாருன்னு நான் கேட்டிருக்கணும். கேக்காத வுட்டது என் தப்பு" என்றார். உடனே எழுந்து, கட்சிக்காரர்கள் யாரையும் கூட்டிக்கொள்ளாமல், என்னோடு ஆட்டோவில் எங்கள் வீட்டுக்கு வந்தார். மாமாவுக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்தார். அக்கா டீயை வைத்தாளே தவிர முகம் கொடுக்கவில்லை.

"கேள்விய வாபஸ் வாங்கிடலாம்பா" என்றார் அண்ணன். "எல்லா நிலையத்தையும் பத்திப் பொதுவா வேற ஒண்ணு கேக்குறேன். உன் மேல கண்ணு வராது. ஆனா அதுக்குப் பதிலு அடுத்த கூட்டத்துலதான் வரும். அதுக்குள்ள மழை வந்துரும். நீதான் சொல்லணும்."

மாமா டீயைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்தார். "வாங்கிடுங்கண்ணா" என்றார் கடைசியில். "போன வருசம் மாதிரியே ரெண்ட வச்சு ஓட்டிப் பாக்குறேன்." அண்ணன் அவர் முழங்காலில் கை வைத்து, "சரி" என்றார்.

திரும்ப வந்து, விலக்கிக்கொள்ளும் கடிதத்தை அடித்தேன். நான்கே வரி. அதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு நான் கோட்டைக்குக் கிளம்பும்போது தபால் வந்தது. கேள்விக்குப் பதில். "மேற்படி நிலையத்தில் உள்ள மூன்று மோட்டார்களும் முழுமையாக இயங்கும் நிலையில் உள்ளன. வினாவில் குறிப்பிட்டவாறு ஏதும் இல்லை." என் கடிதம் பத்து நிமிடத்தில் வெறும் தாளாகிவிட்டது. மாமாவை இனி என்ன செய்வார்கள் என்ற பயத்தோடு பதிலை அண்ணனிடம் நீட்டினேன்.

அண்ணன் பதிலை இரண்டு முறை படித்தார். "ஒருத்தன் மட்டும் சொன்னான்னாதான் அவனப் புடிப்பாங்க. தெருவே பாத்துட்டா யாரப் புடிப்பாங்க?" என்றார். துறைக்குத் தொலைபேசி செய்து, நாளைக் காலை பத்து மணிக்கு நிலையத்தைப் பார்வையிட வருவதாகச் சொன்னார். எங்கள் தெருப் பெண்களையும், மீன் விற்கப் போகும் பெண்களையும் வரச்சொல்லி என்னை அனுப்பினார்.

மறுநாள் நாற்பது ஐம்பது பேர் கூடிவிட்டார்கள். பொறியாளர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். மாமா சுவிட்சுப் பெட்டி அருகே நின்றிருந்தார். முந்தின நாள் அவர் வீட்டில் டீ குடித்த அண்ணன், அவரை அறியாதவர் போல, "ஆப்பரேட்டர் யாருப்பா?" என்றார். மாமா முன்னால் வந்தார். "அரசாங்கம் மூணும் ஓடுதுன்னு எழுதிக் குடுத்திருக்கு. ஓட்டிக் காட்டுப்பா."

முதல் மோட்டார் உறுமியது. இரண்டாவதும் எழுந்தது. மூன்றாவதன் பொத்தானில் மாமா விரலை வைத்தார். அழுத்தினார். ஒன்றுமில்லை. "இன்னாபா, மூணாவது இன்னும் தூங்கி எழல?" என்று ஒரு மீன்காரம்மா கேட்க, கூட்டம் சிரித்தது. பொறியாளர் மட்டும் மாமாவைப் பார்த்தார்.

"கனெக்‌ஷன் பிராப்ளம் சார், நாளைக்கே சரி பண்ணிடுவோம்" என்றார் பொறியாளர். அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டினார். சுவரோரம் கிடந்த ஸ்பேனரை எடுத்தார். லேத் ஓட்டிய கை, நான்கு போல்ட்டையும் கழற்ற அவருக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மூடியை அவரே இறக்கி வைத்தார். உள்ளே துருவும் சிலந்தி வலையும்தான் இருந்தன. கூட்டம் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தது. யாரும் சிரிக்கவில்லை.

நான் எதிர்பார்த்தது போல அவர் கத்தவில்லை. பதில் தாளை எடுத்துப் பொறியாளரிடம் நீட்டினார். "இது நெசமாவறதுக்கு இன்னும் எத்தினி நாள் வேணும்னு இதுலயே எழுதிக் குடுங்க" என்றார். பொறியாளர் தாளைச் சுவரில் வைத்து எழுதினார்: இருபது நாள்.

அந்த இருபது நாளுக்குள் மோட்டார் வந்தது. அதற்கு முன்பே மாமாவுக்கு மாற்றல் வந்தது. மாத்தூர்ப் பக்கம் உள்ள நிலையம், இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும், அதுவும் பெரும்பாலும் இரட்டை ஷிப்ட். வேலை போகவில்லை என்பதே தெருவே பார்த்ததால்தான் என்றார் மாமா. மாற்றலுக்குக் காரணம் என்ன என்று அண்ணன் கடிதம் எழுதிக் கேட்டார். நிர்வாகக் காரணம் என்று பதில் வந்தது. எத்தனை முறை மாற்றி எழுதியும் அந்த வார்த்தையை எங்களால் அசைக்க முடியவில்லை. "இதுல நான் தோத்துட்டேன்மா" என்று ஒருநாள் சொன்னார். அண்ணன் இப்போது பதவியில் இல்லை. நானும் ஒரு வக்கீல் அலுவலகத்தில் மனுக்கள் அடித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு விவரத்தை அடிக்கும்போதெல்லாம் இது எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும் என்று கை நிற்கிறது. சில சமயம் அதற்குப் பயந்து, எழுத வேண்டியதை எழுதாமலும் விட்டிருக்கிறேன்.

அந்த வருட ஐப்பசியில் மழை பிடித்தது. காலையிலிருந்து ஒரே மூச்சாகக் கொட்டியது. நானும் அக்காவும் பேசிக்கொள்ளாமலே மெஷின்களைத் தூக்கிக் கட்டில் மேல் வைத்தோம். மத்தியானம் தண்ணீர் வாசற்படியைத் தொட்டது. அக்கா குடையை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கினாள். நானும் பின்னால் போனேன். கணுக்கால் தண்ணீரில் நடந்து நிலையத்தின் இரும்புக் கதவருகே போய் நின்றோம். உள்ளே பெரிய இரைச்சல். அது எத்தனை மோட்டாரின் இரைச்சல் என்று எங்களுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அக்காவின் போன் அடித்தது. மாத்தூரிலிருந்து மாமா. "ரெண்டா, மூணா?" என்று கேட்டது எனக்கே காதில் விழுந்தது. அக்கா கையை நீட்டிப் போனைக் கதவுக் கம்பிக்குள் பிடித்தாள். நான் என் முந்தானையை அதன் மேல் பிடித்தேன். மழை என் முதுகில் அடித்தது. பத்து நிமிடம் இருக்கலாம், குறைவாகவும் இருக்கலாம். தெருவிலிருந்து தண்ணீர் சுழித்துக்கொண்டு நிலையத்துக்குள் இறங்குவது தெரிந்தது. அக்கா போனைத் திரும்பக் காதில் வைத்தாள்.

"மூணும் ஓடுது" என்றார் மாமா, நிலையத்துக்குள் இருப்பவர் போல. "போதும், போனை நனைக்காத. வூட்டுக்குப் போங்க ரெண்டு பேரும்."

அக்கா போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். குடையை என் கையில் திணித்தாள். "நேராப் புடி. நீயும் நனையுற பாரு" என்றாள்.