ஊறுகாய் டப்பாவில் ஒரு காவல்காரர்

எனக்குக் கோபம் வந்தால் எதையாவது கற்றுக்கொண்டு விடுவேன். கடையில் ஜெராக்ஸ் மெஷின் மக்கர் பண்ணி, மெக்கானிக் "இந்தா வாரேன், இந்தா வாரேன்" என்று நாளைக் கடத்தியபோது, கோபத்தில் நானே அதைக் கழற்றி மாட்டக் கற்றுக்கொண்டேன். இந்தத் தடவை கோபம் மயில்கள்மேல்.

எங்கள் வீடும் கடையும் பாளையம்பட்டியில். என் வீட்டுக்காரருடைய நிலம் திருச்சுழி ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. கரிசல் மண், கிணறு கிடையாது, வானம் பார்த்த பூமி. அங்கெல்லாம் மழை வருவதற்கு முன்பே காய்ந்த புழுதியில் விதைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். மழை வந்தால் விதை முளைக்கும். வராவிட்டால் எறும்பும் மயிலும் தின்று தீர்த்துவிடும். ஒரு வருடம் மழையே இல்லை. அடுத்த வருடம் மழை வந்தது, ஆனால் அதற்குள் மக்காச்சோள விதையை மயில்கள் சால் சாலாகக் கிளறித் தின்றுவிட்டு, ஆடியும் காட்டிவிட்டுப் போயிருந்தன. வயிறு எரிந்தது எனக்கு.

இதற்கிடையில் சோலார் கம்பெனிக்காரர்கள் சுற்றுவட்டாரத்தில் நிலம் நிலமாகக் குத்தகைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் நிலத்தைக் கேட்டுக் காரியாபட்டியிலிருந்து ஒரு புரோக்கர் வந்து போய்க்கொண்டிருந்தார். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வீட்டுக்காரர் சொன்னார்.

"இந்த வெதப்பும் பொய்ச்சுப்போனா நெலத்த அவுகளுக்கே குடுத்துருவோம்த்தா."

கத்திச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். ரசம் ஊற்று என்று கேட்பதுபோலச் சொன்னார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. விதைப்பு முடிந்து அன்றாடம் விடிவதற்கு முன்னால் எழுந்து, வலிக்கிற முழங்காலோடு பைக்கை மிதித்துக் கிளப்பி, மயில் விரட்டப் போய்க்கொண்டிருந்தார் மனுஷன்.

கடைக்குக் கேமரா வைக்கலாம் என்று ஒரு சின்ன கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டிருந்தேன். கடலைமிட்டாய் கட்டி அளவுக்குத்தான் இருக்கும், ஒற்றைப் பலகை. அதுதான் முழுக் கம்ப்யூட்டர் என்றால் பார்க்கிறவர்கள் நம்பமாட்டார்கள். யூடியூபைப் பார்த்து மெமரி கார்டில் எல்லாவற்றையும் ஏற்றி, கண்காணிக்கிற சாஃப்ட்வேரைப் போட்டு, கேமராவைப் பட்டை ஒயரில் செருகிப் பார்த்தால், கேமரா இல்லை என்றது. கண்ணுக்கு முன்னால் கேமரா இருக்கிறது, இல்லை என்கிறது! திரும்ப ஏற்றினேன். இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அதைத் தூக்கித் தெருவில் எறிந்திருப்பேன். கடைசியில் பார்த்தால் பட்டை ஒயரைத் தலைகீழாகச் செருகியிருக்கிறேன். திருப்பிச் செருகினேன். படம் வந்தது.

எங்கள் கூடம்தான் படத்தில் தெரிந்தது. வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டிலிருந்து வாய்க்குப் போகிற அவருடைய கையைச் சுற்றி ஒரு சிவப்புக் கட்டம் கூடவே போய் வந்தது. அந்த சாஃப்ட்வேருக்கு ஆள், மாடு, மயில் எதுவும் தெரியாது. போன நொடி பார்த்த படத்தையும் இந்த நொடி படத்தையும் ஒத்துப் பார்த்து, மாறின இடத்தில் கட்டம் போடும், அவ்வளவுதான். இதை அவரிடம் விளக்கினேன். உடனே கையை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு சிலையாக உட்கார்ந்தார். கட்டம் மறைந்துவிட்டது.

"அசையாம இருந்தா நான் ஆளே இல்லயாக்கும்?" என்றார்.

"சாப்பிடுங்க, சோறு காயுது," என்றேன். ஆனால் எனக்கு உடம்பு புல்லரித்துப்போயிருந்தது. இந்தத் துணுக்குப் பலகை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறதே! கடையை விட்டுத்தள்ளு, இதை நிலத்தில் வைத்தால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது.

அசைவு கண்டால் என் போனுக்கு ஒரு படம் அனுப்ப வேண்டும், கூடவே ஸ்பீக்கரில் ஒரு சத்தம் போட வேண்டும் என்று அமைத்தேன். சத்தத்துக்கு எங்கே போவது? வீட்டுக்காரரைப் போன் முன்னால் நிறுத்தி, மயிலை விரட்டுவதுபோலக் கத்தச் சொன்னேன். கூச்சப்பட்டு, இருமி, செருமி, கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு கத்தினார்.

"ஏய்ய்! போ! போயிரு! இந்தப் பக்கமே வரப்படாது!"

பக்கத்து வீட்டம்மா ஈரக் கையோடு ஓடிவந்துவிட்டாள். "என்னக்கா, அண்ணன் இப்படிச் சத்தம் போடுறாக? என்ன நடந்துச்சு?" மயிலுக்காக என்று சொன்னேன். நம்பின மாதிரித் தெரியவில்லை.

பலகையையும் கேமராவையும் வெயிலில் எப்படி வைப்பது? பெரிய ஊறுகாய் டப்பா ஒன்றைக் கழுவிக் காயவைத்து, பக்கவாட்டில் வட்டமாக வெட்டிக் கண்ணாடித் துண்டு ஒட்டினேன். புழுதி நுழையாமல் இண்டு இடுக்கெல்லாம் பசை போட்டு அடைத்தேன். எங்கள் ஊர் வெயிலுக்கு அந்த டப்பாவுக்குள் பலகை வெந்துவிடுமே என்று வேறு கவலை. "சூடு மேலாமத்தான போகும்? மேல ஓட்ட போடு," என்றார் அவர். சரிதானே என்று ஆணியைப் பழுக்கக் காய்ச்சிக் கொடுத்தேன். மூடி முழுக்கப் பொத்துப் பொத்து ஓட்டை போட்டார். எவ்வளவு யோசனையாகச் செய்திருக்கிறோம் என்று எனக்கு ஒரே பெருமை.

நிலத்தில் ஒரு கம்பு நட்டு டப்பாவைக் கட்டினோம். பக்கத்தில், எங்கள் வீட்டு மொட்டைமாடியில் சும்மா கிடந்த பழைய சோலார் பலகை, ஒரு பாட்டரி, இன்டர்நெட்டுக்கு டாங்கிள், ஒரு ஸ்பீக்கர். வரப்பு ஓரத்து வேலிக்கருவை காற்றில் ஆடினால் கட்டம் விழாதபடி அந்த இடத்தை மட்டும் பார்க்காதே என்று சாஃப்ட்வேரில் மறைத்துவிட்டேன். காக்காய் நிழலுக்கெல்லாம் கத்தித் தொலையாமல் இருக்க, எவ்வளவு அசைந்தால் கத்த வேண்டும் என்கிற அளவைக் கூட்டிக் குறைத்தேன்.

மறுநாள் காலை அவர் நிலத்துக்குப் போகவில்லை. வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தார். போன் சிணுங்கியது. முதல் படத்தில் மயில்கள் வரிசையாக வரப்பேறி இறங்கிக்கொண்டிருந்தன. அடுத்த படத்தில் எல்லாக் கழுத்தும் ஒன்றுபோல நிமிர்ந்திருந்தன. அதற்கடுத்த படத்தில் வெறும் நிலம். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நான் இங்கன டீ குடிக்கேன். அங்கன கத்திக்கிட்டு இருக்கேன்!"

அன்றைக்கு முழுக்கத் தெருவில் எதிர்ப்பட்டவரிடமெல்லாம் அதையே சொன்னார். செய்தது நான்தான், ஆனாலும் எனக்கே அதைக் கும்பிடத் தோன்றியது.

மயில் தொல்லை தீர்ந்தது. மழைதான் வரவில்லை. புரட்டாசி பாதிக்குமேல் போய்விட்டது. தினமும் போனில் நிலத்தைத் திறந்து பார்ப்பார். காய்ந்த புழுதி. அதன்மேல் கானல். விதை சூட்டில் வெந்துகொண்டிருக்கும் என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். கொஞ்ச நாளில் போனைக் கேட்பதை நிறுத்திவிட்டார்.

ஒரு மதியம் கடைக்கு வந்தார். கையில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் நிலத்துப் பட்டா.

"ஒரு காப்பி எடுத்துக் குடுத்தா. காரியாபட்டி போயிட்டு வாரேன். அவுக வரச் சொல்லிட்டாக."

பேசினால் சண்டையாகும், இல்லையென்றால் அழுகையாகும். மெஷினில் பட்டாவை வைத்தேன். ஊரிலுள்ள காகிதத்தையெல்லாம் நகலெடுத்த கை, அன்றைக்குப் பொத்தானை அமுக்க மறுத்தது. அமுக்கினேன். வெளிச்சம் ஓடியது. நகல் வந்தது. அவர் அதைக் கவரில் போட்டு, வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

அப்போது போன் சிணுங்கியது. எடுத்துப் பார்ப்பதற்குள் இன்னொன்று. அப்புறம் நிற்கவேயில்லை, மேசையில் தானாக நகர ஆரம்பித்தது.

"மயிலு கூட்டமா எறங்கிருச்சு போல," என்றேன்.

முதல் படத்தில் மயில் இல்லை. வெறும் புழுதிமேல் ஒரு சிவப்புக் கட்டம். அடுத்ததில் நாலைந்து கட்டம், ஒன்றிலும் எதுவும் இல்லை. "சனியன், கெட்டுப்போச்சு," என்று திட்டிக்கொண்டே விரலால் படத்தைப் பெரிதாக்கினேன். கட்டத்துக்குள், கேமராவுக்கு வெகு கிட்டே, புழுதியில் ஒரு சின்னக் குழி இருந்தது. அதன் நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி. பக்கத்துக் கட்டத்திலும் அதே மாதிரிக் குழி, அதே புள்ளி. அதற்கடுத்த படத்தில் எண்ண முடியாத புள்ளிகள். அதற்கடுத்ததில் படம் முழுவதற்கும் சேர்த்து ஒரே கட்டம். வரப்பைக் காணோம், வேலியைக் காணோம். மேலிருந்து கீழ்வரை சாய்வாக வெள்ளை வெள்ளையாகக் கோடுகள்.

என் வாழ்நாளில் எத்தனையோ மழை பார்த்திருக்கிறேன். ஒரு மழையின் முதல் சொட்டு விழுந்த இடத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான். அதுவும் கட்டம் போட்டு, இந்தா பார் என்று காட்டியிருந்தது.

"மழைங்க," என்றேன். "நம்ம நெலத்துல மழ பெய்யிது."

அவர் வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தார். ஒரு பொட்டு மேகம் இல்லை. திரும்பி வந்து போனை வாங்கி, வெகுநேரம் பார்த்தார். திடீரென்று முகம் மாறியது.

"ஏத்தா! அசைஞ்சா அது கத்துமே!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒவ்வொரு சொட்டும் அதற்கு அசைவு. அங்கே ஆளில்லாத கரிசல் காட்டில், எத்தனை நாள் காத்திருந்து வந்த மழையைப் பார்த்து, இவருடைய குரல் கத்திக்கொண்டிருக்கிறது. போ! போயிரு! இந்தப் பக்கமே வரப்படாது!

"நிறுத்துத்தா! வந்த மழைய வெரட்டுறேனே நானு!"

"மழைக்குக் காதா இருக்கு? சும்மா இருங்க."

"இருக்கோ இல்லயோ, நீ மொதல்ல நிறுத்து!"

வீறாப்பாகப் பேசினேனே தவிர, அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கிவிட்டேன். நிறுத்துகிற பக்கத்தைப் போனில் திறந்தேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, திறக்கவில்லை. மறுபடி திறந்தேன். சுற்றியது. அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று, தன் வாயைத் தானே கையால் பொத்திக்கொண்டிருந்தார். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்குச் சிரிக்கவில்லை.

போன் சட்டென்று அடங்கிவிட்டது. படம் வரவில்லை. மழை நின்றுவிட்டதா, டப்பா செத்துவிட்டதா, தெரியாது. அவர் பைக்கை எடுத்தார். ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு நான் பின்னால் ஏறிக்கொண்டேன். காரியாபட்டி ரோட்டுக்குத் திரும்பாமல், டவுனைத் தாண்டித் திருச்சுழி ரோட்டில் போனார்.

ரோடு காய்ந்துகிடந்தது. எதிரே வந்த லாரி புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போனது. போகப் போக அவர் முதுகு குனிந்துகொண்டே வந்தது. அப்புறம் வாசனை வந்தது, மண் வாசனை. அடுத்த வளைவில் தார் ரோட்டின் குறுக்கே யாரோ அளந்து விட்டதுபோல ஈரம் ஆரம்பித்தது. அந்தப் பக்கம் பளபளவென்று கறுப்பு, இந்தப் பக்கம் வெளுத்த சாம்பல். அவர் பைக்கை நிறுத்திக் காலை ஊன்றினார். முன்சக்கரம் ஈரத்தில் நின்றது, பின்சக்கரம் காய்ந்த ரோட்டில் நின்றது. ஒரு சொட்டு என் கையில் விழுந்தது. ஐயோ சாமி, நானும் அவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நிலத்தில் இன்னும் பெய்துகொண்டிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அவர் உள்ளே இறங்கினார். கரிசல் காலைப் பிடித்து இழுத்தது. சால் நடுவில் குனிந்து, கையை மண்ணுக்குள் விட்டார். விரல் போனது, மணிக்கட்டு போனது. காய்ந்த மண் கைக்குத் தட்டுப்படவேயில்லை போல. நிமிர்ந்து, கையில் ஒட்டின சேற்றோடு மழையில் அப்படியே நின்றார். எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது. அந்த சாஃப்ட்வேர் உயிரோடு இருந்திருந்தால் மழையைச் சுற்றிக் கட்டம் போட்டிருக்கும், அவரைச் சுற்றிப் போட்டிருக்காது. அத்தனை அசையாமல் நின்றார்.

நான் டப்பா கட்டியிருந்த கம்புக்குப் பக்கத்தில் போனேன். டப்பாவில் பாதிக்குத் தண்ணீர். பலகையும் கேமராவும் உள்ளே முழுகிக் கிடந்தன. மூடியில் போட்ட ஓட்டைகள் வழியே இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தது. வெயிலுக்கு யோசித்தோம், புழுதிக்கு யோசித்தோம். மழை என்று ஒன்று பெய்யுமே என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. யார்மேல் கோபப்படுவது? சிரித்தேன். சிரிக்கச் சிரிக்க அழுகை வந்தது.

அவர் கிட்டே வந்து டப்பாவை எட்டிப் பார்த்தார். பலகையை எடுத்து, பிள்ளைக்குத் துவட்டுவதுபோலத் துண்டால் ஒற்றினார். அதை வைக்க இடம் தேடினார். வேட்டி மடிப்பிலிருந்து பிளாஸ்டிக் கவரை உருவி, பட்டாவையும் நகலையும் எடுத்து, நனைந்த சட்டைப்பைக்குள் மடித்துத் திணித்தார். காலியான கவருக்குள் பலகையை வைத்துச் சுற்றி என்னிடம் நீட்டினார்.

"அடுத்த வருச வெதப்புக்கு," என்றார், "ஓட்டைய அடியில போடுத்தா."