இடப்பக்க வடம்

வரலாற்றை மாற்றிய பெண்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். படை நடத்தியவர்கள், வாக்குரிமைக்காகச் சிறை போனவர்கள், ஆய்வுகூடங்களில் உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்கள். அவர்களோடு நான் சேர்க்க விரும்பும் பெண் சாவகச்சேரிச் சந்தையில் மரக்கறி விற்கிறார். எங்கள் ஊர் அம்மன் கோயில் தேரின் இடப்பக்க வடத்தை முதலில் தூக்கிய பெண் அவர்.

போர் நிறுத்தம் வந்து, இடம்பெயர்ந்திருந்த நாங்கள் தென்மராட்சிக்குத் திரும்பிய பின் நடந்த முதல் திருவிழா அது. ஆடிப்பூரத்துக்கு முதல்நாள் தேர். ஊரில் ஆண்கள் குறைவு. செத்தவர்கள் போக, வெளிநாடு சென்றவர்கள் போக, வன்னியில் நின்றுவிட்டவர்கள் போக, மிஞ்சியவர்கள் வலப்பக்க வடத்துக்கே காணாது. இடப்பக்க வடம் மண்ணில் கிடந்தது. அதற்குச் சற்று முன்னர்தான் கணவனை இழந்திருந்த அவர், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு போய் அதைத் தூக்கினார். மங்கல காரியங்களில் கைம்பெண் முன்னுக்கு வரக்கூடாது என்ற ஊர். ஆனாலும் அன்று ஒருவரும் மறிக்கவில்லை. அவருக்குப் பின்னால் மற்றப் பெண்கள் நாங்களும் போனோம். தேர் அசைந்தது.

அடுத்து வந்த சில ஆண்டுகளும் நாங்கள்தான் இழுத்தோம். பிறகு போர் முடிந்து பாதை திறந்தது, ஆண்கள் வந்தார்கள், புதிய நிர்வாகம் வந்தது. எங்களை வீதியோரத்துக்கு அனுப்பினார்கள். கொஞ்சக் காலத்தில், பெண்கள் வடம் பிடித்ததே இல்லை என்ற கதையும் வந்துவிட்டது.

இந்த ஆண்டு மறுபடியும் ஆளில்லை. இளைஞர்கள் கனடாவிலிருந்து கைபேசியில் தேர் பார்க்கிறார்கள். தேருக்கு முதல்நாள் கோயில் மண்டபத்தில் கூட்டம். கோயில் வரலாறு எழுதித் தரும்படி நிர்வாகம் கேட்டிருந்ததால் நானும் போயிருந்தேன். இடப்பக்க வடத்தை இழுக்கப் பெக்கோ ஒன்றை ஒழுங்கு செய்திருப்பதாகத் தலைவர் அறிவித்தார். மண் தோண்டும் இயந்திரம்!

மரக்கறிக்காரர் எழுந்தார். “ஏன் தம்பி, இவ்வளவு பொம்பிளையள் நிக்கிறம். கண்ணுக்குத் தெரியேல்லையோ?”

“அக்கா, உது ஆகமத்துக்கு ஒவ்வாது. துடக்கு, தீட்டு எண்டு கன விஷயம் இருக்கு.”

“ஓம், எங்களைத் துடக்கெண்டு மறிக்கிறியள். உந்த மெசின் நேற்று ஆரின்ரை வீட்டுக் கக்கூஸ் கிடங்கு வெட்டினது எண்டு கேட்டனீங்களோ?”

மண்டபம் சிரித்தது. தலைவரின் முகம் கறுத்தது.

“எங்கடை கோயிலிலை பொம்பிளையள் வடம் பிடிச்ச சரித்திரமே இல்லை,” என்றவர் என் பக்கம் திரும்பினார். “நீங்களே சொல்லுங்கோ ரீச்சர்.”

“இருக்கு. நாங்கள் திரும்பி வந்த வருஷம். நானும் இழுத்தனான். உங்கடை அம்மா எனக்கு முன்னாலை நிண்டவ. நீங்கள் அப்ப கொழும்பிலை.”

அவர் சால்வையை உதறித் தோளில் போட்டார். பிறகு, “மெசினுக்குச் சொல்லியாச்சு. இனி மாத்தேலாது,” என்று கூட்டத்தை முடித்தார்.

மறுநாள் காலை பெக்கோ வந்தது. அதன் மண்வாளிக்குத் திருநீறு பூசி, மாலையும் போட்டிருந்தார்கள். வடத்தை அதில் கொழுவ ஆள் குனிவதற்குள் மரக்கறிக்காரர் போய் வடத்தைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். வெளியூர்க்காரரான சாரதியை அண்ணாந்து பார்த்து, “ஒருக்கா எஞ்சினை நிப்பாட்டு ராசா. அம்மன் வெளிக்கிடேக்கை என்ன இரைச்சல்!” என்றார்.

சாரதி தலைவரைப் பார்த்தார். மரக்கறிக்காரரைப் பார்த்தார். எஞ்சினை நிறுத்தினார்.

நாங்கள் ஓடிப்போய் வடத்தைப் பிடித்தோம். தவில் முழங்கியது. உள்ளங்கை எரிய எரிய இழுத்தோம். தேர் தெற்கு வீதிக்குத் திரும்பிய பிறகுதான் ஒலிபெருக்கியில் தலைவரின் குரல் வந்தது: “தாய்மார் இடப்பக்க வடத்தைப் பிடிக்கலாம்.”

“ஆரப்பா உவன், இப்பத்தான் நித்திரையாலை எழும்பினவனோ?” என்றார் முன்னால் போன மரக்கறிக்காரர், திரும்பிப் பாராமலே.

திருவிழா முடிந்து, நான் எழுதிக் கொடுத்த வரலாற்றோடு தலைவர் வீட்டுக்கு வந்தார். இந்த ஆண்டுத் தேர் பற்றிய பகுதியைக் காட்டினார்.

“எல்லாம் சரி ரீச்சர். ‘நிர்வாகத்தின் அனுமதியோடு’ எண்டு மட்டும் ஒரு இடத்திலை போடுங்கோவன்.”

“ஒருதரும் அனுமதி கேக்கேல்லைத் தம்பி.”

“இப்பிடியே போட்டால் சபையிலை பிரச்சினை வரும்.”

“வரட்டும்.”

அவர்கள் அச்சிடாவிட்டால் நானே அச்சிடுவேன். திகதி, கிழமை எல்லாம் சரியாக இருக்கும். அடுத்த தேருக்கு இடப்பக்க வடம் மண்ணில் கிடக்காது.