இரண்டு கட்சிகளும் தந்த வாக்குறுதி

நெசவாளர் சங்கத்தில் என்னைச் செயலாளராக்கியதற்கு ஒரே காரணம், எனக்குத் தமிழில் தட்டச்சு தெரியும். சங்கத்தின் கோரிக்கையும் ஒன்றுதான். விசைத்தறிப் புடவையைக் கைத்தறிப் பட்டு என்று சொல்லி விற்கிறார்கள். அதைத் தடுக்க வேண்டும்.

சட்டமன்றத் தேர்தல் நெருங்கியபோது சங்கத் தலைவர் என்னை ஆளுங்கட்சி அலுவலகத்துக்கு அழைத்துப்போனார். மாவட்டப் பொறுப்பாளர் எங்கள் மூன்று பக்க மனுவைப் பிரிக்கவே இல்லை. ஒரே வரியில் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தேர்தல் அறிக்கையில் அப்படியே சேர்த்துவிடுவதாகச் சொன்னார். எதிர்க்கட்சி அலுவலகத்திலும் அதே தேநீர், அதே யோசனை. எங்கள் ஊரான ஐயம்பேட்டைக்குத் திரும்பும் ஷேர் ஆட்டோவிலேயே அந்த வரியைக் கைபேசியில் அடித்து இருவருக்கும் அனுப்பினேன்.

இரண்டு அறிக்கைகளிலும் எங்கள் வரி வந்தது. சங்கத்தில் லட்டு கொடுத்தார்கள். லட்டும் கையுமாக நின்று படித்தேன். ‘கைத்தறிப் புடவையை விசைத்தறிப் புடவை என்று விற்பது முற்றிலும் தடுக்கப்படும்.’ ஆட்டோ குலுக்கலில் சொற்களை இடம் மாற்றி அடித்திருந்தேன். இரண்டு கட்சிகளிலும் யாரும் அதைப் படித்துப் பார்க்கவில்லை.

தலைவரைத் தனியே அழைத்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

“யார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்காதப்பா. ரெண்டு கட்சியும் ஒத்துக்கினது இது ஒண்ணுதான்” என்றார்.

தேர்தலில் எதிர்க்கட்சி வென்றது. சில மாதங்கள் பொறுத்துப் புதிய சட்டமன்ற உறுப்பினரைப் பார்த்தோம். அவர் அறிக்கையை வரவழைத்து, எங்கள் வரியை விரல் வைத்துப் படித்தார்.

“ஊர்ல எங்கனா கைத்தறிய விசைத்தறின்னு விக்கிறாங்களா?”

இல்லை என்றோம்.

“அப்போ செஞ்சிட்டோம் இல்ல?” என்று அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு டிக் போட்டார்.

தோற்ற கட்சியிடம் போனோம். அது தங்கள் வாக்குறுதியும்தான் என்பதால் அவையில் எதிர்த்துப் பேசுவது நாகரிகமாக இருக்காது என்று வருத்தப்பட்டார்கள்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் தவறை எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டு ராஜினாமாக் கடிதத்தை நீட்டினேன். யாரையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பொருளாளர் அக்கா கடிதத்தை வாங்கி நான்காகக் கிழித்தார்.

“நீ எழுதினத ரெண்டு கட்சியும் ஒரு எழுத்து மாத்தாம போட்டுக்கிறாங்க. உன்ன வுட்டா நமக்கு வேற யாருப்பா?”

அன்று என் பதவியை நிரந்தரமாக்கித் தீர்மானம் போட்டார்கள். அதையும் நானே தட்டச்சு செய்தேன்.